திருக்கை குட்டி போடுமா, முட்டை இடுமா?

[காட்சி: பினாங்கு, சௌரஸ்தா சந்தை, விடிகாலை. ஐஸ் மேல் மல்லாத்திப் போட்ட திருக்கை.]

வணக்கம். பினாங்கில் இருந்துகொண்டு திருக்கையைத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ராத்திரிக் கடையில் சம்பால் தடவி வாழையிலையில் சுட்ட இக்கான் பாரி, வீட்டில் புளி தூக்கலாக ஒரு குழம்பு, பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு அள்ளிப் போட்ட புட்டு. இத்தனை வருஷம் சாப்பிட்டும் இதன் வயிற்றுப் பக்கத்தை நாம் உற்றுப் பார்த்ததில்லை. இன்றைக்கு அதைப் பார்க்கலாம்.

[காட்சி: வால் தொடங்கும் இடம், நெருக்கத்தில்.]

வால் தொடங்கும் இடத்தில் விரல் மாதிரி இரண்டு நீட்டிக்கொண்டிருந்தால் ஆண். இல்லாவிட்டால் பெண். மீன்காரரைக் கேட்கவே வேண்டாம். அந்த விரலை லேசாக மடக்கிப் பாருங்கள். ரப்பர் போல வளைந்தால் இன்னும் பருவத்துக்கு வராத பையன். உள்ளே சுண்ணாம்புச் சத்து ஏறி விறைத்து நின்றால் வளர்ந்த ஆண். படகுத்துறையில் நோட்டும் அளவுகோலுமாக உட்காரும் ஆராய்ச்சியாளர்களும் இப்படித்தான் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள்.

கெம்போங் (கானாங்கெளுத்தி) மாதிரி மீன்கள் முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடும். திருக்கை அப்படி இல்லை. அந்த விரல் வழியாக விந்து பெண்ணின் உடம்புக்குள் போகிறது. நழுவாமல் இருக்க ஆண் தன் பல்லால் பெண்ணின் இறக்கை ஓரத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். சந்தைக்கு வரும் பெண் திருக்கையின் இறக்கையில் சில சமயம் பல் தழும்பு தெரிவது அதனால்தான்.

[காட்சி: இரண்டு வரைபடங்கள், பக்கத்தில் பக்கத்தில்.]

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தமிழில் திருக்கை என்று ஒரே பெயரில் கூப்பிட்டாலும், ஆள் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று ஸ்கேட். வாலில் நச்சு முள் இருக்காது, முட்டை இடும். குளிர்ந்த கடலிலும் ஆழத்திலும்தான் அது அதிகம். இன்னொன்று நம் கடலோர வலையில் விழும் முள்வால் திருக்கை. பழைய கதைகளில் சவுக்காக வருகிற வால் இதனுடையது. இது குட்டி போடும்.

ஸ்கேட்டின் முட்டையைப் பார்த்தால் முட்டை என்றே தோன்றாது. தோல்பை மாதிரி, நாலு மூலையிலும் கொம்போடு இருக்கும். உள்ளே வளரும் குஞ்சு வாலை ஆட்டி ஆட்டி, பையின் ஓரத்துப் பிளவு வழியாகப் புதுத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பல இனங்களில் சில மாதத்தில் பொரிந்துவிடும். அலாஸ்கா பக்கத்துக் குளிரில் ஒரு இனத்துக்கு 3 வருஷத்துக்கு மேல் பிடிக்கிறது. பாவம், பொரிவதற்குள் நம் வீட்டுப் பிள்ளை பாலர் பள்ளிக்கே போய்விடும்.

[காட்சி: பெண் திருக்கையின் உள்ளமைப்பு, வரைபடம்.]

சரி, நம் திருக்கைக்கு வருவோம். இந்தக் குடும்பத்தில் பல இனங்களில் இடது பக்கத்துச் சினைப்பையும் கருப்பையும் மட்டும்தான் வேலை செய்யும். கரு முதலில் தன் மஞ்சள் கருவைத் தின்று வளர்கிறது. அது கொஞ்ச நாளில் தீர்ந்துபோகும். அப்புறம்? தாயின் கருப்பைச் சுவரில் பூந்துவாலை நூல் மாதிரி ஆயிரக்கணக்கான இழைகள் நீண்டு தொங்குகின்றன. அவற்றிலிருந்து கொழுப்பும் புரதமும் நிறைந்த பால் போன்ற திரவம் சுரக்கிறது. தொப்புள்கொடி கிடையாது. குட்டி அதைக் குடித்தும் உறிஞ்சியும் பெருக்கிறது. தாய்ப்பால் ஊறட்டும் என்று நாம் சமைத்துக் கொடுக்கிற மீன், தன் குட்டிக்கு வயிற்றுக்குள்ளேயே பால் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு இது தெரிந்த நாளில் புட்டு கொஞ்சம் தொண்டையில் நின்றது, மறைப்பானேன்.

ஒரு ஈற்றில் எத்தனை குட்டி? கடலோர இனங்கள் பலவற்றில் ஒன்று முதல் நாலைந்து வரைதான். ஆனைத்திருக்கைக்கு (மாண்டா) பெரும்பாலும் ஒன்றே ஒன்று, அதுவும் ஏறக்குறைய ஒரு வருஷம் சுமந்து. கெம்போங்கோ பல்லாயிரம் முட்டை இடும். கணக்கில் திருக்கை மீனைவிட ஆட்டுக்குத்தான் பக்கம்.

[காட்சி: இழுவை வலையின் பை, கண்ணிகள் தெரிய.]

இதில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், வலையின் கண்ணியில். மலேசியாவில் இழுவை வலையின் பைப் பகுதிக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கண்ணி அளவு 38 மில்லிமீட்டர். சின்ன மீன் அதில் நழுவி ஓடலாம். திருக்கைக் குட்டி அம்மா வயிற்றிலிருந்து வரும்போதே நம் உள்ளங்கையைவிட அகலம். தட்டையான உடம்பு கண்ணியில் நுழையாது. பிறந்த அன்றே அது பிடிபடுகிற சைஸ். பருவத்துக்கு வர இன்னும் சில வருஷம் இருக்கிறது. அதுவரை ஒவ்வொரு வலைக்கும் தப்ப வேண்டும்.

ஐரிஷ் கடலில் நடந்தது இதுதான். அங்கே சாதாரணமாகக் கிடைத்த ஒரு பெரிய ஸ்கேட் இனம் கிட்டத்தட்டக் காணாமலே போய்விட்டது என்று 1981-இல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. அந்தக் குஞ்சும் பொரியும்போதே வலையில் சிக்கும் அளவுதான்.

[காட்சி: தெலுக் பஹாங் படகுத்துறை, மாலை.]

இன்னொரு விஷயம். வலையில் இழுபட்டுத் தூக்கப்படும் சினைத் திருக்கை, அந்த அதிர்ச்சியிலேயே குட்டியை வெளியே தள்ளிவிடும். பார்க்கிறவர்கள் 'அட, பிரசவம்' என்று போனை எடுப்பார்கள். பெரும்பாலும் அது குறைப்பிரசவம்.

போன வருஷம் இங்கே ஒரு அண்ணனின் தொட்டியில் அப்படித்தான் மூன்று விழுந்தன. இறக்கை இரண்டும் தோசைச் சுருள் மாதிரி மடிந்திருந்தது. தாயைக் கிழிக்காமல் இருக்க வால் முள்ளுக்கு மெல்லிய உறை. அண்ணன் வாலைத் தொடாமல் ஓரத்தில் பிடித்து ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டார். இரண்டு சுருள் பிரிந்து மணலை ஒட்டி ஓடிவிட்டன. மூன்றாவது சுருண்டபடியே அலையோடு திரும்பி வந்தது. அதன் அடிவயிற்றில் மஞ்சள் கருவின் பை இன்னும் ஒட்டியிருந்தது.