வீட்டுக்குள் என்ன எரிகிறது?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக் காற்றைப் பற்றிப் பேச்செடுத்தாலே என்னிடம் முதலில் வரும் கேள்வி, “எந்த ஏர் பியூரிஃபயர் வாங்கலாம்?” என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அது கடைசியாக வர வேண்டிய கேள்வி. வீட்டுக்குள் என்ன எரிகிறது, எங்கே ஈரம் ஊறிக் கிடக்கிறது, எதையெல்லாம் தெளிக்கிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்றொரு சுகாதார அறிஞர் இருந்தார். ஆட்கள் விடும் மூச்சால் ஓர் அறையில் கரியமில வாயு எவ்வளவு சேர்கிறது என்று அளந்தால், அங்கே காற்றோட்டம் போதுமா என்று சொல்லிவிடலாம் என 1858-இல் எழுதியவர். காற்றோட்டத்துக்காக அவ்வளவு வாதாடிய அவரே இன்னொன்றும் சொன்னார்: அறைக்குள் சாணக் குவியல் கிடந்தால், ஜன்னலைத் திறந்து நாற்றத்தைப் போக்கப் பார்க்காதீர்கள், குவியலை அப்புறப்படுத்துங்கள்.

அந்தக் குவியல் பெரும்பாலும் சமையலறையில்தான் இருக்கிறது. விறகு, கரி, மண்ணெண்ணெய் எரியும் வீடுகளில் நிலைமை மிக மோசம். வீட்டுப் புகையால் 2020-இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 2,37,000 பேருக்கு மேல் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இந்த எண்ணை என்னால் சாதாரணமாக வாசித்துவிட்டுப் போக முடிவதில்லை.

கேஸ் அடுப்புக்கு மாறினால் பெரும்புகை ஒழியும். ஆனாலும் தீ எரியும்போது நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற நச்சு வாயு வரத்தான் செய்யும். எண்ணெய் காய்ந்து புகைந்தால் நுண்துகள் கிளம்பும், மின்சார அடுப்பானாலும் சரி. 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான இந்தத் துகள்கள் தலைமுடித் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கில் சிக்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றுகிறது என்பதாலேயே அது காற்றை இழுக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு, மெல்லிய டிஷ்யூ காகிதம் ஒன்றை அதன் வலையருகே பிடித்துப் பாருங்கள். காகிதம் போய் ஒட்டிக்கொண்டால் சரி. சும்மா தொங்கினால், வலையில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருக்கலாம், கழற்றிக் கழுவுங்கள். அப்படியும் இழுக்கவில்லையா? வெளிக்காற்று உள்ளே வர வழி இல்லாமல் இருக்கலாம். ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டு மறுபடி பிடித்துப் பாருங்கள். அப்புறம், சிம்னி வைத்திருப்பவர்கள் அதன் குழாய் எங்கே போகிறது என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. சில சிம்னிகளுக்குக் குழாயே கிடையாது. வடிகட்டிய புகையை அதே அறைக்குள் திருப்பி விடுகின்றன. சமைத்து முடித்ததும் உடனே நிறுத்தாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள்.

அடுத்து ஈரம். வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் பீரோவை ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள். கரும்புள்ளிகளும் மக்கல் வாடையும் இருந்தால் அது பூஞ்சை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. மேலே பெயின்ட் அடித்து மறைத்தால் மறுபடி வரும். தண்ணீர் கசியும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். நனைந்த மெத்தையும் கம்பளமும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட வேண்டும்.

வாசனை வந்தால் வீடு சுத்தம் என்று நினைக்கிறோம். ரூம் ஃப்ரெஷ்னர் எந்த மாசையும் எடுப்பதில்லை, இருப்பதோடு இன்னும் சில ரசாயனங்களைச் சேர்க்கிறது. மூடிய படுக்கையறையில் இரவு முழுக்கக் கொசுவத்தி புகைவதும் நல்லதல்ல, கொசுவலை எவ்வளவோ மேல். கழிவறை கழுவும்போது பிளீச்சையும் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு, முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்ட அதே வாயு. சிகரெட்டுக்கு ஜன்னலோரம், பால்கனி என்ற சமாதானமெல்லாம் வேண்டாம், வீட்டுக்குள் கூடவே கூடாது.

இதையெல்லாம் செய்த பிறகு பியூரிஃபயர் வாங்கலாம். ஹெப்பா வடிகட்டி உள்ளதாகப் பாருங்கள், 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும். ஓசோன் வெளியிடும் கருவி வேண்டவே வேண்டாம், ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும்.

ஆனால் எந்த ஹெப்பாவும் பிடிக்காத ஒன்று உண்டு: எரிபொருள் அரைகுறையாக எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். குளிருக்குக் கரி மூட்டிவிட்டுக் கதவை அடைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். ஜன்னல் திறந்திருக்கிறதே என்று கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ உள்ளே வைக்காதீர்கள். ஜெனரேட்டர் கதவு, ஜன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி இருக்கட்டும். முடிந்தால் படுக்கையறைக்குப் பக்கத்தில் இதற்கான அலாரம் ஒன்றை மாட்டுங்கள். வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்து, வெளியே போனதும் தெளிந்தால் சந்தேகமே வேண்டாம். எல்லோரையும் உடனே வெளியே கூட்டி வந்துவிடுங்கள். அவசர உதவிக்கு வெளியில் நின்றபடி கூப்பிடுங்கள், எதையாவது எடுக்க மறுபடி உள்ளே போகாதீர்கள்.