சுருதி நழுவும் 17 நிமிடங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சிந்தசைசர் என்று சொன்னதும் நம்மில் பலருக்குத் திரைப்பாடலின் இடையிசையில் வந்துபோகும் மின்னணு ஒலியோ, கல்யாண மண்டபத்து மெல்லிசைக் குழுவின் கீபோர்டோதான் நினைவுக்கு வரும். அந்தக் கருவியைப் பாட்டுக்குப் பக்கத்துணையாக வைக்காமல், பாடகரும் பல்லவியும் இல்லாமல், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் அதனிடமே ஒப்படைத்துவிட்ட ஓர் இசைமரபு 1970களில் மேற்கு பெர்லினில் உருவானது. அதை நான் கண்டுகொண்ட கதை, ஒரு ரேடியோ மெக்கானிக்கின் கடையிலிருந்து தொடங்குகிறது.

கல்லூரியில் படித்த காலத்தில் நண்பர் ஒருவர் எனக்கு ஒரு கேசட்டைப் பதிவுசெய்து கொடுத்தார். அதன்மேல் பேனாவால் ‘டான்ஜரின் ட்ரீம், ஃபேட்ரா’ என்று எழுதியிருந்ததைத் தவிர வேறு விவரம் இல்லை. இரவில் போட்டுக் கேட்டேன். காற்று போலவும் தொலைவில் யாரோ மூச்சு விடுவது போலவும் சில ஒலிகள் வந்தன. அவற்றின் அடியிலிருந்து, மூடிய பாத்திரத்தில் நீர் கொதிப்பதைப் போன்ற ஒரு கீழ்ஸ்தாயித் துடிப்பு மெல்ல மேலேறி வந்தது. அது மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும் என்று காது பழகிய வேளையில் சுருதி நழுவத் தொடங்கியது. பெல்ட் தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, மறுநாளே டேப் ரெக்கார்டரைத் தெருமுனைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மெக்கானிக் மூடியைக் கழற்றினார், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்தார், பெல்ட்டை விரலால் சுண்டிப் பார்த்தார், பிறகு தம்மிடமிருந்த பழைய பக்திப்பாடல் கேசட் ஒன்றைப் போட்டார். சுருதி இம்மியும் பிசகவில்லை. “பெட்டி நல்லாத்தான் இருக்கு தம்பி, உங்க கேசட்தான் சரியில்ல” என்று சொல்லி, காசு வாங்காமல் அனுப்பிவைத்தார்.

கேசட்டும் சரியாகத்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியவர வெகுகாலம் ஆயிற்று. நழுவியது அந்த இசையேதான். அதைப் பதிவு செய்தவர்களும் அப்படியே விட்டிருந்தார்கள்.

டான்ஜரின் ட்ரீம் என்பது 1967இல் எட்கர் ஃப்ரோஸ பெர்லினில் தொடங்கிய குழு. ‘ஃபேட்ரா’வைப் பதிவுசெய்தபோது அவருடன் கிறிஸ்டோஃபர் ஃபிராங்கேயும் பீட்டர் பவ்மனும் இருந்தார்கள். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில், பழைய பண்ணை மாளிகை ஒன்றை ஒலிப்பதிவுக் கூடமாக்கி வைத்திருந்தது வெர்ஜின் நிறுவனம். 1973ஆம் ஆண்டின் கடைசி வாரங்களில் மூவரும் அங்கே பெரிய அலமாரி அளவுள்ள ஒரு மோக் சிந்தசைசரோடு போய் இறங்கினார்கள். நம்மில் பலர் அதை ‘மூக்’ என்கிறோம்; அதை உருவாக்கிய அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மோக் தம் பெயரை ‘மோக்’ என்றே உச்சரித்தார். கருவியைச் சுருதி சேர்க்க மட்டுமே நாளொன்றுக்குப் பல மணி நேரம் பிடித்ததாகவும், காலை 11 மணி முதல் பின்னிரவு 2 மணி வரை உழைத்தும், 11 நாள் கழிந்தபோது நாடாவில் ஏறியிருந்தது வெறும் 6 நிமிட இசைதான் என்றும் ஃப்ரோஸ பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

சுருதி சேர்ப்பதில் அத்தனை பாடு ஏன் என்பதைச் சற்று விளக்க வேண்டும். இந்த இசையின் குணமே அதற்குள்தான் இருக்கிறது. மோக் கருவியில் ஒலியைப் பிறப்பிக்கும் பகுதி அலையியற்றி. அது எந்த ஸ்வரத்தை ஒலிக்க வேண்டும் என்பதை அதற்குள் செல்லும் மின்னழுத்தம் தீர்மானிக்கிறது. மின்னழுத்தம் 1 வோல்ட் கூடினால் ஒலி ஒரு ஸ்தாயி மேலே போகும். ஒரு ஸ்தாயியில் 12 ஸ்வரத்தானங்கள் உள்ளதால், ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக வோல்ட்டில் 12இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 83 மில்லிவோல்ட் போதும். அதில் நாலைந்து மில்லிவோல்ட் பிசகினாலே பயிற்சியுள்ள காது கண்டுபிடித்துவிடும். அந்த அழுத்தத்தை ஸ்வரமாக மாற்றித்தரும் டிரான்சிஸ்டர்களோ வெப்பத்துக்கு உடனே அசைந்துகொடுப்பவை. ஆகவே அறை சூடானாலும், கருவி நேரம் செல்லச் செல்லத் தானே சூடேறினாலும், காலையில் சேர்த்துவைத்த சுருதி மாலைக்குள் வேறெங்கோ போய் நிற்கும். என் டேப் ரெக்கார்டரின் பெல்ட்டின்மேல் நான் சுமத்திய பழி, உண்மையில் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் ஓர் அலமாரிக்குள் சூடேறிக்கொண்டிருந்த டிரான்சிஸ்டர்களைச் சேர வேண்டியது.

அந்தக் கொதிநீர்த் துடிப்பைத் தந்தது சீக்வென்சர் என்னும் பகுதி. அதில் வரிசைக்கு 8 குமிழ்களாக மூன்று வரிசைகள். ஒவ்வொரு குமிழும் ஒரு மின்னழுத்தத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும்; கருவி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுச் சென்று, கடைசிக்கு வந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். இதுவரையில் இது வெறும் எந்திரம். ஃபிராங்கே செய்தது என்னவென்றால், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்று குமிழ்களைத் திருகினார். ஒரு ஸ்வரத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றினார், இன்னொன்றை மௌனமாக்கினார், வேகத்தை இம்மியளவு கூட்டினார். அவர் தொடக்கத்தில் டிரம்ஸ் வாசித்தவர் என்பதை அறிந்த பிறகு கேட்டால், எந்திரத்தின் துடிப்புக்குள்ளே ஒரு தாளக்காரரின் விரல்கள் அசைவது தெரியும். கணினியில் நூற்றுக்குநூறு துல்லியமாக அமைத்து இதே பாணியில் இன்று பலர் செய்யும் இசை எனக்குச் சீக்கிரமே சலித்துப்போவதற்கு அந்த விரல்கள் இல்லாமற்போனதே காரணம் என்று நினைக்கிறேன். இது என் தனிப்பட்ட கருத்து; மறுப்பவர்கள் இருக்கலாம்.

புதிதாகக் கேட்பவருக்கு முதலில் எழும் கேள்வி, “இதில் மெட்டு எங்கே?” என்பதுதான். நேயர்கள் இருந்த இடத்திலேயே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு, ஒரே சுருதியில் ‘ம்ம்ம்’ என்று நீட்டுங்கள். சுருதியை மாற்றாமல், மிக மெதுவாக வாயைத் திறந்து ‘ஆ’ வரை கொண்டுவாருங்கள். ஸ்வரம் ஒன்றுதான், ஆனால் மங்கலாக இருந்த ஒலி சிறிது சிறிதாக வெளிச்சத்துக்கு வருவதைப் போலத் தெளிவடைந்திருக்கும். மூடிய வாய் தடுத்து வைத்திருந்த மேல் அதிர்வுகள் திறந்த வாயின் வழியே வெளியே வந்ததுதான் காரணம். சிந்தசைசரில் வாய்க்குப் பதில் ஃபில்டர் என்ற வடிகட்டி இருக்கிறது. அதையும் மின்னழுத்தத்தால் திறக்கலாம், மூடலாம். தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியில் செருகிய நூலை மயிரிழை நகர்த்தியதும் நாதம் திடீரென்று மலர்வதைக் கேட்டவர்களுக்கு இது புதிய அனுபவம் அல்ல. அந்த மலர்ச்சி நமக்குக் கச்சேரி தொடங்கும் முன் நடக்கும் ஆயத்தம். பெர்லின்காரர்களுக்கு அதுவே கச்சேரி. ஒரே ஸ்வரக்கோவை 10 நிமிடம் திரும்பத் திரும்ப வரும்போது, காது ஸ்வரத்தைக் கவனிப்பதை விட்டுவிட்டு அதன் நிறம் மாறுவதைக் கவனிக்கத் தொடங்குகிறது. அந்தத் திருப்பம் எனக்கு நிகழ ஐந்தாறு முறை கேட்க வேண்டியிருந்தது.

[இங்கே ‘ஃபேட்ரா’வின் தலைப்பு இசையிலிருந்து ஒரு பகுதி ஒலிக்கும்.]

நீங்கள் கேட்டது 17 நிமிடங்களுக்கு மேல் நீளும் ஓர் இசையின் சிறு துண்டு. 1974 பிப்ரவரியில் வெளியான அந்த இசைத்தட்டு, வானொலியில் ஒலிக்கத்தக்க மூன்று நிமிடப் பாடல் ஒன்றுகூட இல்லாமல், பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 15ஆம் இடம் வரை ஏறியது. அதற்கு வழி திறந்ததும் ஒரு வானொலிக்காரரே என்பதை இந்த நிலையத்திலிருந்து சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி. பிபிசியின் ஜான் பீல் இவர்களுடைய முந்தைய இசைத்தட்டான ‘ஆட்டெம்’மை 1973ஆம் ஆண்டின் சிறந்த இசைத்தட்டாகத் தேர்ந்தெடுத்தார். வெர்ஜின் நிறுவனத்தின் கவனம் இவர்கள்மேல் விழுந்தது அதன் பிறகுதான்.

இந்த மரபின் ஊற்றைத் தேடிப் போனால் 1968இன் பெர்லினில் சோடியாக் என்ற கூடத்துக்கு வந்து சேருவோம். கான்ராட் ஷ்னிட்ஸ்லரும் ஹான்ஸ்-யோஆகிம் ரோடலியுஸும் முன்னின்று தொடங்கிய அந்த இடம் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆங்கிலேய, அமெரிக்க ராக் இசையை நகலெடுக்க மனமில்லாத இளைஞர்கள் அங்கே கையில் கிடைத்ததையெல்லாம் ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். டான்ஜரின் ட்ரீமின் முதல் இசைத்தட்டில் டிரம்ஸ் வாசித்த க்ளவுஸ் ஷுல்ட்ஸ அங்கிருந்து வந்தவர்களில் ஒருவர். 1972இல் அவர் தனியாக வெளியிட்ட ‘இர்லிஷ்ட்’ இந்த மரபின் தூண்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது. ஆனால் அதில் சிந்தசைசரே இல்லை. சரியாக வேலை செய்யாத ஒரு மின்னணு ஆர்கனையும், ஓர் இசைக்குழு வாசித்ததைப் பதிவுசெய்து திருப்பி ஓடவிட்ட நாடாவையும் வைத்துக்கொண்டு அவர் அதைச் செய்தார். கருவி வருவதற்கு முன்பே அதற்குரிய காது வந்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. 1975இல் வந்த அவருடைய ‘டைம்விண்ட்’ பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே இசைகளைக் கொண்டது. முதலாவது 30 நிமிடம் ஓடுகிறது. ஓர் இசைத்தட்டின் பக்கத்தில் அதற்குமேல் திணித்தால் ஒலியே மெலிந்துவிடும்.

‘ஃபேட்ரா’வின் இரண்டாம் பக்கத்தில், ஃப்ரோஸ மெல்லோட்ரானில் வாசித்த, ஏறத்தாழ 10 நிமிட இசை ஒன்று இருக்கிறது. மெல்லோட்ரான் சிந்தசைசர் அல்ல. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே, வயலின் போன்ற கருவிகளின் ஒலி பதிந்த ஒரு நாடாத்துண்டு உண்டு. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். ஏறக்குறைய 8 வினாடியில் தீர்ந்துவிடும். விரலை எடுத்தால் சுருள்வில் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். முடிவில்லாமல் நீளும் அலைபோலக் கேட்கும் அந்த 10 நிமிடமும், மூச்சு முட்டுவதற்குள் விரல் மாற்றி விரல் மாற்றி வாசித்தது.

ஆம்பியன்ட், அதாவது சூழலிசை, என்ற பெயர் ஒட்டிக்கொண்ட கிளை இங்கிலாந்தில் முளைத்தது. 1975இன் தொடக்கத்தில் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்த பிரையன் ஈனோ என்ற ஆங்கிலேய இசைக்கலைஞருக்கு, ஒரு தோழி 18ஆம் நூற்றாண்டு யாழ் இசையடங்கிய இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை ஓடவிட்டுப் படுத்த பிறகுதான் ஒலி மிகவும் குறைவாக வைத்திருப்பதும், இரண்டு ஒலிபெருக்கிகளில் ஒன்று வேலை செய்யாததும் தெரிந்தது. எழுந்து திருத்த உடம்பில் வலு இல்லை. மழைச் சத்தத்தில் பாதி மூழ்கி, மீதி மட்டும் காதில் விழுந்த அந்த இசை, அறையின் வெளிச்சத்தைப் போல, மழையைப் போல, சூழலின் ஒரு பகுதியாகவே இருக்கக்கூடும் என்று அவருக்குப் பட்டது. இங்கேயும் ஒரு பழுதுதான் வாசலைத் திறந்தது என்பதை நான் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. அதே ஈனோ, 1976இல் ஜெர்மனியின் ஃபோர்ஸ்ட் என்ற சிற்றூருக்குப் போய், சோடியாக்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே ரோடலியுஸுடனும் அவருடைய கூட்டாளிகளுடனும் இசையமைத்தார். ஆகவே இரண்டு கிளைகளையும் தனித்தனியாகப் பிரித்துப் பேசுவது பாதி உண்மையே.

1978இல் ஈனோ விமான நிலையங்களுக்கென்று செய்த இசையில் ஒரு பகுதி, நீட்டிப் பாடிய சில குரல் ஸ்வரங்களால் மட்டுமே ஆனது. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனி நாடா வளையத்தில் சுற்றுகிறது: ஒன்று 23 வினாடிக்குச் சற்று மேல், ஒன்று 26 வினாடிக்குச் சற்றுக் குறைவு, இன்னொன்று 30 வினாடிக்கு மயிரிழை குறைவு என்று அளவுகள் வேறுபடுகின்றன. நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின் கோர்வை எத்தனை கணக்கு போட்டுச் சுற்றினாலும் கடைசியில் உரிய இடத்தில் வந்து விழுமென்று காத்திருந்து, விழுந்ததும் தொடையில் தட்டுவோம். இந்த வளையங்களோ எல்லாம் சேர்ந்து ஒரே இடத்துக்கு வருவதே இல்லை. முதலில் அது எனக்குப் பெரும் குறையாகத் தோன்றியது. காத்திருப்பதை விட்ட பிறகே அதைக் கேட்க முடிந்தது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு தொடக்கம் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடரின் உதவியோடு, மோக் சிந்தசைசருடன் ஒரு மின்னணு இசைக்கூடம் அமைந்தது. சில ஆண்டுகளில் அது ஓய்ந்துபோயிற்று. அங்கே பதிவான நாடாக்கள் பெட்டிகளில் பல்லாண்டுக் காலம் தூங்கி, அண்மையில்தான் வெளியுலகுக்கு வந்தன.

கேட்டுப் பார்க்க விரும்பும் நேயர்கள் ‘ஃபேட்ரா’விலிருந்து தொடங்கலாம். 1972இல் வந்த அதே குழுவின் ‘ட்சைட்’டை முதலிலேயே எடுக்க வேண்டாம்; முதல் பக்கத்தில் நான்கு செல்லோக்களும் ஒரு மோக் கருவியும் சேர்ந்து ஒலிக்க, நான்கு பக்கங்களுக்கு நீளும் அந்த இரட்டை இசைத்தட்டில் துடிப்பு என்பதே கிடையாது, அதற்கு நல்ல பழக்கம் வேண்டும். மின்விசிறியின் இரைச்சலை மிஞ்சாத அளவுக்கு ஒலியைக் குறைத்தும் ஒருமுறை கேளுங்கள், கூட்டியும் ஒருமுறை கேளுங்கள்.

‘ஃபேட்ரா’வைப் பற்றி இன்னும் ஒன்றே ஒன்று. தலைப்பு இசையின் இறுதியில் சீக்வென்சர் அடங்கி, ஸ்வரங்களும் ஒவ்வொன்றாக மங்கிய பிறகு, வெகுதொலைவில் பிள்ளைகள் விளையாடும் இரைச்சல் கேட்கும். மெக்கானிக் திருப்பித் தந்த டேப் ரெக்கார்டரில் அன்றிரவு அதுவரை வந்துசேர்ந்த நான், இந்நேரத்தில் தெருவில் யார் பிள்ளைகள் என்று எழுந்துபோய்ச் சன்னலைத் திறந்தேன். தெரு காலியாக இருந்தது. எனக்குப் பின்னால் கேசட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.