ஆறு மாதம் தாண்டினால் மெடிகேர் ஹாஸ்பிஸை நிறுத்திவிடுமா?

வணக்கம். மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு. ஹாஸ்பிஸ் என்பது இனி குணமாக்க முடியாத நோயாளிக்கு, வலியும் சிரமமும் இல்லாமல் கடைசிக் காலத்தில் செய்யும் கவனிப்பு. டல்லாஸ் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 78 வயது. இதயம் ரொம்பப் பலவீனமாகிவிட்டது, ஹாஸ்பிஸ் பற்றி யோசியுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெடிகேர் செலவை ஏற்குமா? ஆறு மாதம் தாண்டினால் நிறுத்திவிடுவார்களா?"

இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கும்போது எல்லோருக்கும் குரல் இறங்கிவிடும். ஏழாவது மாதமும் அம்மா இருந்தால் பில் வருமோ என்று பெற்ற பிள்ளை எப்படி வாய்விட்டுக் கேட்பான்? அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் ஆகிவிட்டது என்பதற்காக நிறுத்த மாட்டார்கள். நோய் அதன் போக்கில் போனால் ஆயுள் ஆறு மாதமோ அதற்குள்ளோதான் என்று இரண்டு டாக்டர்கள் எழுதித் தர வேண்டும். அது உள்ளே நுழைவதற்கான சீட்டு. முதலில் 90 நாள், பிறகு இன்னொரு 90 நாள், அதற்கப்புறம் அறுபது அறுபது நாளாக எத்தனை தடவை வேண்டுமானாலும் நீட்டலாம். இந்த அறுபது நாள் தவணைகளுக்கு முன்னால் ஹாஸ்பிஸ் டாக்டரோ நர்ஸ் பிராக்டிஷனரோ (கூடுதல் பயிற்சி பெற்ற நர்ஸ்) அம்மாவைப் பார்க்க வேண்டும், நிலைமை இன்னும் அதேதான் என்று டாக்டர் மறுபடி எழுதித் தர வேண்டும்.

முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2023 பிப்ரவரியில் ஹாஸ்பிஸுக்கு மாறினார். அவர் காலமானது 2024 டிசம்பர் 29. நடுவில் நூறாவது பிறந்தநாள் வந்தது, தேர்தலில் ஓட்டும் போட்டார்! உடம்பு தேறிவிட்டால் வெளியே அனுப்புவார்கள், அது நல்ல செய்திதானே. மறுபடி சரிந்தால் மறுபடி சேர்க்கலாம்.

சரி, பணம். இது மெடிகேரின் ஆஸ்பத்திரிச் செலவுப் பகுதியான பார்ட் ஏவில் வரும் சலுகை, 1983 முதல் இருக்கிறது. மெடிகேர் ஹாஸ்பிஸ் நிறுவனத்துக்கு நாள் கணக்கில் கொடுத்துவிடும். நர்ஸ், குளிப்பாட்டிவிட வரும் உதவியாளர், ஆஸ்பத்திரிக் கட்டில், ஆக்சிஜன், வலி மருந்து எல்லாம் அதற்குள் அடக்கம். மருந்துக்கு ஒரு சீட்டுக்கு 5 டாலருக்கு மேல் கேட்க முடியாது. தனியார் கம்பெனி நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் பிளானில் இருப்பவர்களுக்கும் ஹாஸ்பிஸ் செலவை அசல் மெடிகேர்தான் பார்த்துக்கொள்ளும்.

அம்மா எப்போது கிரீன் கார்டில் வந்தார் என்று தம்பி சொல்லவில்லை. பார்ட் ஏ பிரீமியம் இல்லாமல் கிடைக்க, இங்கே வரி கட்டி வேலை பார்த்த பத்து வருடக் கணக்கு அம்மாவுடையதாகவோ அப்பாவுடையதாகவோ இருக்க வேண்டும். நீங்கள் இருபது வருடம் வரி கட்டியிருந்தாலும் அது அம்மா கணக்கில் ஏறாது. அந்தக் கணக்கு இல்லாதவர்கள் ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே இருந்த பிறகு பார்ட் ஏவை விலைக்கு வாங்கலாம். கூடவே டாக்டர் செலவுக்கான பார்ட் பியும் இருக்க வேண்டும். 2025இல் பார்ட் ஏ முழுப் பிரீமியம் மட்டும் மாதம் 518 டாலராக இருந்தது.

இப்போது நான் வழக்கமாகச் சொல்வதற்கு வருகிறேன். பழைய நேயர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. வந்து போகிறவர்களுக்கு மெடிகேர் காசு கொடுக்கும். கூடவே இருப்பவருக்குக் கொடுக்காது. நர்ஸ் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வருவார், ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவார். ராத்திரி மூன்று மணிக்கு அம்மாவுக்கு மூச்சு முட்டினால் பக்கத்தில் இருக்கப்போவது யார்? தம்பி கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

நியூஜெர்சியில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. மார்ஃபின், பதற்றத்துக்கான மருந்து எல்லாம் வைத்து ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருந்தார்கள். ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருந்தது. மாமனாருக்கு ராத்திரியில் மூச்சு வாங்கியதும் மருமகள் பயந்துபோய் 911 அடித்துவிட்டார். எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனார்கள், பின்னாலேயே பில் வந்தது. ஹாஸ்பிஸ் ஏற்பாடு செய்யாமல் அதே நோய்க்காக எமர்ஜென்சிக்குப் போனால் மெடிகேர் கொடுக்காது. முதலில் ஹாஸ்பிஸின் 24 மணி நேர நம்பருக்குப் போன் செய்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். ஆபீஸ் வேலையும் பார்த்துக்கொண்டு ராத்திரியும் ஒற்றை ஆளாகக் கண் விழித்தவர் அவர். மகன் அந்த வாரம் வெளியூரில் மீட்டிங்கில் இருந்தார்.

அதனால், வந்து போகிறவர்களுக்குத்தான் காசு என்பதை மனதில் வைத்துக்கொண்டு சில விஷயங்களை முன்னாலேயே பாருங்கள். அம்மாவை நர்ஸிங் ஹோமில் வைத்தால் தங்கும் செலவும் சாப்பாடும் மெடிகேரில் வராது. வருமானம் குறைவாக இருந்து, அப்படிப்பட்டவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டும் இருந்தால் அது அந்தச் செலவை ஏற்கும். சில மாநிலங்களில் வீட்டில் இருந்து பார்த்துக்கொள்கிறவருக்கே மெடிகெய்டு சம்பளம் கொடுக்கிறது, விசாரியுங்கள். கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆகாதவர்களுக்குப் பெரும்பாலும் மெடிகெய்டு கிடைக்காது.

இன்னொன்று, ரெஸ்பைட். பார்த்துக்கொள்கிறவர் கொஞ்சம் தூங்கி எழ, ஒரு தடவைக்கு ஐந்து நாள் வரை அம்மாவை வேறு இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் பங்கு 5 சதவீதம்தான். இது பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து அதைக் கேட்பதில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, ரெஸ்பைட்டுக்கு எந்த இடத்துக்கு அனுப்புவீர்கள், ராத்திரி கூப்பிட்டால் நர்ஸ் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. அந்தப் பேச்சு நடக்கும்போது உங்கள் மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும்.