காற்றாலை மேட்டில் ஒரு டிஷ்: வைப்பது, திருப்புவது, மடிப்பது

[காட்சி: ஆரல்வாய்மொழி, சாயங்காலம். பின்னால் காற்றாலைகள். தகர ஷெட்டின் வாசலில் ஒரு முக்காலி ஸ்டாண்ட், பக்கத்தில் கோணிச் சாக்கு.]

வணக்கம். மைக்கில் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், இங்கே காற்று அப்படி. காற்றாலைப் பராமரிப்பு வேலை எனக்கு. மூன்று மாதம் ஒரு மேடு, அப்புறம் இன்னொரு மேடு. ஷெட்டில் ஆறு பேர், ராத்திரிக்கு ஒரு டிவி. மேட்டுக்கு வந்து டிஷ் மாட்டித் தர ஆள் கிடைக்காது. அதனால் 60 செ.மீ. டிஷ் ஒன்றைக் கூடவே தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

நாங்கள் பார்ப்பது டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் ப்ளஸ் என்ற பெயரில் தூர்தர்ஷன் தொடங்கிய சேவை. மாதக் கட்டணம் கிடையாது. அது வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. 93.5 டிகிரி கிழக்கில், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. வரைபடத்தில் பார்த்தால் சுமத்ராவுக்கு மேற்கே நடுக்கடல். அதாவது நமக்குத் தென்கிழக்குப் பக்கம்.

[காட்சி: தரையில் சாக்பீஸால் வரைந்த திசைக்கோடுகள்.]

இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று திசை: வடக்கிலிருந்து கிழக்காகச் சுற்றி எத்தனை டிகிரி. மற்றது உயரக் கோணம்: அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி மேலே. ஆரல்வாய்மொழிக்கு 117, 69. மதுரைக்கு 122, 69. சென்னைக்கு 134, 68. உங்கள் ஊருக்கு எத்தனை என்று போன் ஆப் சொல்லிவிடும். போனின் திசைகாட்டியை மட்டும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். இரும்பு அதை இழுத்துவிடும். நாலு எட்டு தள்ளி நின்று பார்த்து, அந்தத் திசையில் தூரத்தில் தெரியும் ஒரு பனை மரத்தையோ செல்போன் டவரையோ குறி வைத்துக்கொள்ளுங்கள்.

69 டிகிரி என்றால் கிட்டத்தட்ட உச்சி வானம். இதில் நமக்கு ஒரு லாபம்: சின்னத் தடைகள் பெரிதாக மறைக்காது. தடையின் உயரத்தை 2.6 ஆல் வகுங்கள்; அவ்வளவு தூரம் தள்ளி நின்றால் போதும். 10 மீட்டர் தென்னைக்கு நாலு மீட்டர். எங்கள் பிழைப்பில்தான் சிக்கல். 80 மீட்டர் கோபுரம், அதற்கு மேல் 40 மீட்டர் இறகு, ஆக 120 மீட்டர். 46 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இறகு ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் படம் வெட்டும்.

சரி, ஸ்டாண்ட். எல்லாரும் அவசரப்படுகிற இடம் இதுதான், நான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிற இடமும் இதுதான். நடுக்குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். குழாய் சாய்ந்திருந்தால் டிஷ்ஷை இடம் வலமாகத் திருப்பும்போது உயரக் கோணமும் கூடவே மாறும். அப்புறம் எந்த எண்ணை நம்புவது? கொத்தனாரின் ரசமட்டம் இருந்தால் நல்லது. இல்லையா, ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். குழாயை ஒரு பக்கம் பார்த்துவிட்டு, கால்வட்டம் நகர்ந்து இன்னொரு பக்கமும் பாருங்கள். இரண்டு பக்கமும் நூலோடு ஒட்டி நின்றால் போதும்.

[காட்சி: மண் நிரப்பிய சிமெண்ட் சாக்கை முக்காலியின் காலில் வைக்கிறார்.]

மண் சாக்கு காலுக்கு ஒன்று. மே மாதம் தொடங்கிவிட்டால் இங்கே காற்று மேற்கிலிருந்து வரும். டிஷ் கிழக்கைப் பார்க்கிறது, முதுகில் அடி வாங்கும், முன்பக்கமாகக் கவிழும். அதனால் முக்காலியின் ஒரு கால் டிஷ் பார்க்கும் பக்கம் நீட்டி நிற்கட்டும். போன வருடம் இதை யோசிக்காமல் விட்டேன். காலையில் பார்த்தால் டிஷ் மண்ணைக் கவ்விக் கிடந்தது.

இப்போது கேபிள். செட்டாப் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கேபிளைத் திருக வேண்டும். பாக்ஸிலிருந்து எல்என்பிக்கு, அதாவது டிஷ்ஷின் முன்னால் கைநுனியில் நின்று சிக்னலை வாங்கும் கருவிக்கு, 13 அல்லது 18 வோல்ட் இந்த ஒயர் வழியாகத்தான் போகிறது. கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒற்றைச் செம்புக் கம்பி, சுற்றிலும் மயிரிழை மாதிரி வலை. அந்த வலையில் ஒரே ஒரு இழை நீண்டு நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். டிஷ்ஷை எவ்வளவு திருப்பினாலும் திரையில் ஒன்றும் வராது.

அடுத்தது உயரக் கோணம். எங்கள் ஷெட்டில் புதிதாகச் சேர்ந்த பையன் முதல் நாளே கேட்டான்: “அண்ணாச்சி, 69ன்னு சொல்லுதீங்க, இது பாதி வானத்ததான பாக்குது. இன்னும் நிமித்துங்க.” நியாயமான சந்தேகம். நானும் ஒரு காலத்தில் அப்படி நிமிர்த்தி நிமிர்த்தி ஒரு சாயங்காலம் முழுக்க வீணாக்கியவன்தான்.

[காட்சி: அட்டையில் வெட்டிய டிஷ் வடிவம், பக்கவாட்டில். சிவப்பு நூல் சிக்னலின் பாதை.]

நம் வீட்டு டிஷ் முழுக் கிண்ணம் கிடையாது. பெரிய கிண்ணத்தின் ஒரு ஓரத்தை வெட்டி எடுத்த துண்டு. எல்என்பி நேர் நடுவில் நிற்காமல் கீழே தாழ்ந்து நீட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். சிக்னல் மேலிருந்து சரிந்து வந்து, தட்டில் பட்டு, கீழே எல்என்பிக்குப் போகிறது. ஆக, டிஷ் உண்மையில் பார்க்கும் இடம் முகம் காட்டும் இடத்தைவிட 22 முதல் 26 டிகிரி வரை மேலே. கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். 69 வேண்டுமென்றால் தட்டு செங்குத்திலிருந்து சுமார் 45 டிகிரி பின்னால் சாய்ந்தால் போதும். போனின் கோணமானியைத் தட்டின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் குறுக்கே ஒரு கட்டையை வைத்து, அதன் மேல் வையுங்கள்.

பாக்ஸ் மெனுவில் இந்த எண்களை அப்படியே போடுங்கள்: எல்என்பி 9750/10600, டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளின் அலைவரிசை) 11090, வெர்டிகல், சிம்பல் ரேட் 29500. திரையில் இரண்டு பட்டைகள் வரும். ஸ்ட்ரெங்த் பட்டையை மறந்துவிடுங்கள். எல்என்பிக்குக் கரண்ட் வந்தாலே அது ஏறி நிற்கும். பார்க்க வேண்டியது குவாலிட்டி.

இப்போது திருப்புங்கள். எவ்வளவு மெதுவாக? ஸ்டாண்ட் குழாய் 40 மில்லிமீட்டர் என்றால், ஒரு டிகிரி என்பது குழாயின் மேல் மூன்றில் ஒரு மில்லிமீட்டர். பென்சில் கோட்டின் தடிமன். 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலமே மூன்று டிகிரி சொச்சம்தான். கொஞ்சம் நகர்த்தி, மூன்று எண்ணி, திரையைப் பார்த்து, மறுபடி நகர்த்துங்கள். பாக்ஸ் யோசித்துத்தான் பதில் சொல்லும். ஒரு முழு வீச்சில் ஒன்றும் கிடைக்கவில்லையா? உயரத்தை இரண்டு டிகிரி மாற்றி, திரும்பி வாருங்கள்.

சாட் ஃபைண்டர் மீட்டர், அதாவது சிக்னல் கிடைத்தால் கத்தும் சின்னக் கருவி, வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டே டிகிரி தள்ளி, 91.5இல் மீசாட் என்ற வேறொரு செயற்கைக்கோள் இருக்கிறது. மீட்டர் கீச்சென்று கத்தும், ஆனால் அது யாருக்காகக் கத்துகிறது என்று சொல்லாது. கடைசித் தீர்ப்பு பாக்ஸ் திரைதான்.

குவாலிட்டி வந்துவிட்டதா, உடனே இறுக்காதீர்கள். இடது பக்கம் அது விழும் இடத்தையும் வலது பக்கம் விழும் இடத்தையும் குழாயில் குறித்து, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். பிறகு எல்என்பியை அதன் பிடியில் மெல்லச் சுழற்றுங்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் நமக்கு இந்தத் திருப்பம் அதிகம்: சென்னையில் சுமார் 45 டிகிரி, இங்கே 60க்கும் மேல். வடநாட்டுக்காரர் போட்ட வீடியோவைப் பார்த்து நேராக வைத்தால் நஷ்டம் நமக்குத்தான். கடைசியாக நட்டுகளை மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்குங்கள், கண் குவாலிட்டியில் இருக்கட்டும். ஒரே நட்டை முழுக்க முறுக்கினால் தட்டு நகர்ந்துவிடும்.

மழையில் படம் உடைந்தால் டிஷ்ஷைத் தொடாதீர்கள். இந்த அலைவரிசையைக் கனமழை விழுங்கும். மழை விட்டால் தானாக வரும்.

[காட்சி: மூன்று மாதம் கழித்து. ஷெட் காலி, வேன் நிற்கிறது.]

மடிப்பு. பிளக்கைப் பிடுங்கி, எல்என்பியின் திருப்பத்தை மார்க்கரால் கோடு போட்டுக் குறித்துவிட்டு கழற்றுங்கள். கனெக்டரின் வாயில் ஒரு பாலிதீன் உறையும் ரப்பர் பேண்டும். கேபிளை முழங்கையில் சுற்றாதீர்கள், உள்ளே செம்பு மடிந்துபோகும். ஸ்டெப்னி டயர் அளவுக்குப் பெரிய வளையமாகச் சுற்றுங்கள். நட்டு போல்ட்டுகளை அந்தந்த ஓட்டையிலேயே மாட்டிவிடுங்கள். டிஷ்ஷை வேனில் செங்குத்தாக, மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் செருகுங்கள். படுக்கப் போட்டால் யாராவது மேலே ஜாக்கியை வைப்பார்கள்.

உயரக் கோண நட்டை மட்டும் நான் தளர்த்துவதில்லை. அடுத்த மேடு உடுமலைப் பக்கம். அங்கே திசை 122, உயரம் 67. இங்கே இருப்பதிலிருந்து இரண்டே டிகிரி இறக்கினால் போதும். தட்டின் முதுகில் டேப் ஒட்டி எழுதிவிட்டேன்: ‘ஆரல்வாய்மொழி 69, உடுமலை 67’. பையன் வேனில் ஏறிவிட்டான், ரசமட்டம் அவன் மடியில்.