இசைத்தட்டின் ஒரு பக்கம்

நண்பர்களே, ஹிப்ஹாப் என்றதும் மைக் பிடித்தவர்களின் முகம்தான் நினைவுக்கு வரும். ராப்புக்கு அடியில் ஓடும் தாள இசையை, அதாவது பீட்டை, செய்தவரின் முகம் வராது. அவர்களில் ஒருவரைப் பற்றிப் பேசாமல் இன்று நான் மேடையை விட்டு இறங்கப்போவதில்லை.

அவர் பெயர் பால் சி. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்தவர். 1989 ஜூலையில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 24.

பழைய ஸ்டீரியோ இசைத்தட்டுகள் சிலவற்றில் டிரம்ஸ் ஒரு பக்க ஸ்பீக்கரில் கேட்கும், மற்ற வாத்தியங்கள் மறுபக்க ஸ்பீக்கரில் கேட்கும். பால் சி இரண்டையும் பிரித்தார். டிரம்ஸ் இருக்கும் பக்கத்தை மட்டும் சாம்பிள் எடுத்தார், அதாவது அந்த ஒலித்துண்டைப் புதுப் பீட்டுக்காகப் பதிந்துகொண்டார். தட்டில் மற்ற வாத்தியங்களோடு கலந்திருந்த தாளம் தனியாக, சுத்தமாகக் கையில் வந்தது. 1988-ல் அல்ட்ராமேக்னடிக் எம்சிஸ் குழுவின் முதல் ஆல்பத்தில் அந்த வேலையைக் கேட்கலாம். அன்று சாம்பிள் எடுத்துப் பீட் செய்ய உதவிய எஸ்பி-1200 என்ற கருவியில் மொத்தமாகப் பத்து வினாடி ஒலிதான் அடங்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய தட்டை 45 சுற்றில் வேகமாக ஓட்டிப் பதிவுசெய்வார்கள், அப்புறம் கருவிக்குள் சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவருவார்கள். இப்படித்தான் வினாடிகளை மிச்சம் பிடித்தார்கள். அந்தக் காலத்துப் பீட்களில் நாம் ரசிக்கும் கரகரப்பில் இதற்கும் பங்கு உண்டு.

அந்தக் கருவியைப் பால் சி ஒரு பதின்வயதுப் பையனுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர்தான் லார்ஜ் புரொஃபசர். எரிக் பி - ராக்கிம் என்ற ராப் இணையின் 1990 ஆல்பத்துக்குக் குருவும் சீடரும் இருவருமே உழைத்தார்கள். புரொடியூசர் என்று போட்டிருந்ததோ அந்த இணையின் பெயரை மட்டும். இதை முதன்முதலில் அறிந்தபோது எனக்குக் கோபம் வந்தது, இன்றும் தணியவில்லை. அடுத்த ஆண்டே, யாருக்கும் தெரியாத நாஸ் என்ற இளைஞரைத் தன் மெயின் சோர்ஸ் குழுவின் பாட்டில் பாட வைத்தவர் லார்ஜ் புரொஃபசர். 1994-ல் வந்த நாஸின் 'இல்மேட்டிக்' ஆல்பத்தில் மூன்று பாட்டுகள் அவர் செய்தவை. அந்த ஆல்பத்தை இன்று உலகமே கொண்டாடுகிறது. அதற்குள் பால் சியின் கைப்பழக்கமும் இருக்கிறது என்று எத்தனை பேர் சொல்கிறார்கள்?

ராப்பர்களிலும் இப்படி அதிகம் பேசப்படாதவர்கள் உண்டு. பிலடெல்பியாவின் பஹமாடியா 1996-ல் தந்த முதல் ஆல்பத்தைத் தேடிக் கேளுங்கள். குரலை உயர்த்தாமலே ஆளை உட்கார வைப்பார்.

அப்புறம் 'கா' என்ற ராப்பர். நியூயார்க்கில் புரூக்ளினின் பிரௌன்ஸ்வில்லில் வளர்ந்தவர், நியூயார்க் தீயணைப்புத் துறையில் கேப்டன். வேலை நேரம் போக எழுதினார், பல பீட்களைத் தானே செய்தார், பெரிய நிறுவனம் எதுவும் இல்லாமல் ஆல்பங்களைத் தானே வெளியிட்டார். அவர் பாட்டில் டிரம்ஸ் பெரும்பாலும் ஒதுங்கியே நிற்கும், சில இடங்களில் இருக்கவே இருக்காது. ஒவ்வொரு சொல்லும் தனியாக வந்து விழும். 2024 அக்டோபரில், 52 வயதில் போய்விட்டார். அவர் இருந்தபோதே இன்னும் சத்தமாக நாம் கைதட்டியிருக்க வேண்டும்.

சரி, பேச்சு போதும். பால் சி கையாண்ட மாதிரி ஒரு பழைய தட்டு கொண்டுவந்திருக்கிறேன். முதலில் இரண்டு பக்கமும் சேர்த்துப் போடுகிறேன். அப்புறம் ஒன்றை அணைக்கிறேன், டிரம்ஸை மட்டும் கேளுங்கள்.