ஆம்புலன்ஸ் இலவசம், இன்ஹேலருக்குக் காசு

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் ஜெய்விக் என்றொரு ஊர் இருக்கிறது. 1930-களில் லண்டன்காரர்கள் கோடை விடுமுறைக்கு வந்து தங்குவதற்காக எழுந்த சிறு வீடுகள். பிற்பாடு அவற்றிலேயே பலர் நிரந்தரமாகக் குடியேறிவிட்டார்கள். 2010, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் அரசு வெளியிட்ட வறுமைக் குறியீடுகள் மூன்றிலும் இங்கிலாந்திலேயே மிகவும் பின்தங்கிய பகுதியாக வந்தது இந்த ஊரின் ஒரு பகுதிதான்.

இப்படிப்பட்ட பகுதிகளிலிருந்து அவசரமாக மருத்துவமனையில் சேர்க்கப்படுவோரின் விகிதம், வசதியான பகுதிகளைவிட அதிகம். இதைக் கொஞ்சம் கவனமாகத்தான் சொல்ல வேண்டும். அந்தக் குறியீட்டைக் கணக்கிடும்போதே அவசரச் சேர்க்கை விகிதத்தையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதை எடுத்து அதே விகிதத்தோடு ஒப்பிட்டால் பொருத்தம் வராமல் எங்கே போகும்? விவரமறிந்தவர்கள் குறியீட்டிலிருந்து வருமானத்தை அளக்கும் கூறை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிடுகிறார்கள். அப்போதும் ஏற்றத்தாழ்வு மறைவதில்லை.

"ஏழைக்கு நோய் அதிகம், இதிலென்ன புதுமை?" என்று கேட்பீர்கள். என்னென்ன நோய்கள் என்று பாருங்கள். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, சர்க்கரை நோயின் சிக்கல்கள். குடும்ப மருத்துவர் தொடர்ந்து கவனித்தால் பெரும்பாலும் படுக்கைவரை போகாதவை.

ஆஸ்துமாக்காரர் பலருக்கு இரண்டு இன்ஹேலர்கள். பழுப்பு நிறத்தது தினமும் இழுக்க வேண்டியது; அழற்சியை மெல்லத் தணிக்கும், இழுத்தவுடன் ஒன்றும் தெரியாது. நீல நிறத்தது சில நிமிடங்களில் மூச்சைத் திறந்துவிடும். இங்கிலாந்தில் மருந்துச் சீட்டிலுள்ள ஒவ்வொரு மருந்துக்கும் கட்டணம் உண்டு. 2024-இல் அது 9.90 பவுண்டாக உயர்ந்தது. அரசு உதவித்தொகையில் வாழும் பரம ஏழைக்கு விலக்கு இருக்கிறது. வருமான வரம்பைச் சற்றே தாண்டிய கூலித் தொழிலாளிக்கு இல்லை. கையில் பத்து பவுண்டு இருந்தால் அவர் நீலத்தைத்தான் வாங்குவார். வீட்டுச் சுவரெல்லாம் ஈரமும் பூஞ்சையும். ஒருநாள் நள்ளிரவில் நீலமும் கேட்காமல் போகும். ஆம்புலன்ஸ் வரும். அதற்குக் கட்டணம் இல்லை, மருத்துவமனைப் படுக்கைக்கும் இல்லை.

பிரிட்டனின் இன்னொரு பகுதியான வேல்ஸின் சுரங்க ஊரொன்றில் பணியாற்றிய டாக்டர் ஜூலியன் டியூடர் ஹார்ட், தேவை மிகுந்த இடத்தில்தான் நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-லேயே எழுதினார். அந்த வேல்ஸ் 2007-இல் மருந்துக் கட்டணத்தையே எடுத்துவிட்டது. இங்கிலாந்திலோ, கட்டண விலக்கு பெறும் நோய்களின் பட்டியல் 1968-இல் வகுக்கப்பட்டது. 2009-இல் புற்றுநோயைச் சேர்த்தார்கள். ஆஸ்துமாவைச் சேர்க்கவில்லை.