ஹாட் டப்ல உக்காந்து பாக்கறதுக்கே டெபாசிட்டா?

(திரையில்: பனி மூடின பின்கட்டு, மூடி திறந்த ஹாட் டப், மேல ஆவி பறக்குது)

வணக்கம். ஹாட் டப்னா சில பேர் ஒண்ணா உக்கார்ற சுடுதண்ணித் தொட்டி, அதுல இருக்கற ஜெட்டுங்கற ஓட்டைங்க தண்ணியை வேகமா பீச்சி உடம்பைப் பிடிச்சு விடும். அமெரிக்கா, கனடாவுல ஹாட் டப் விக்கிற கடைங்கள்ல வெட் டெஸ்ட்னு ஒண்ணு உண்டு. வாங்குறதுக்கு முன்னாடி ஷோரூம்லயே தண்ணி ரொப்பி சூடா வெச்சிருக்க டப்புல நீச்சல் டிரெஸ் போட்டு இறங்கி, அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ உக்காந்து பாத்துட்டு வரலாம். பெரும்பாலும் காசு கிடையாது, போன் பண்ணி நேரம் வாங்கிட்டுப் போனா போதும், நல்ல கடைன்னா தனி ரூம், ஷவர், டவல் எல்லாம் தயாரா வெச்சிருப்பாங்க. இப்படி உக்காந்து பாக்க வர்றவங்க கிட்ட கடைக்காரர் டெபாசிட் வாங்கலாமா? அதான் இந்த வீடியோ.

சித்திரை வெயில்ல ஃபேனுக்கு அடியில உக்காந்து இதைப் பாக்கறவங்களுக்கு, 40 டிகிரி தண்ணில போய் யாராவது காசு குடுத்து உக்காருவாங்களான்னு தோணும், நியாயம்தான். ஜனவரி மாசம் டொரான்டோ பக்கம் இருக்கற உங்க சொந்தக்காரங்க கிட்ட கேட்டுப் பாருங்க, வேற மாதிரி சொல்வாங்க.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். சொன்ன நேரத்துக்கு வரணும்ங்கறதுக்காக கார்டுல ஒரு சின்னத் தொகையை, எடுத்துக்காம, நிறுத்தி மட்டும் வெச்சா அதுல தப்பில்ல. ஆனா "டப் வாங்கினாதான் அந்தக் காசு உங்களுக்கு, இல்லன்னா எங்களுக்கு"ன்னு சொன்னா அந்தக் கடையில வெட் டெஸ்டே பண்ணாதீங்க.

ஏன்னு பாக்கலாம்.

(திரையில்: டப்போட உள்பக்கம், சீட்டுங்க, ஜெட்டுங்க)

முதல்ல இந்த டெஸ்ட் எதுக்கு? ஒரு சுமாரான ஹாட் டப்பே பல ஆயிரம் டாலர், நல்ல மாடல்னா 10,000 டாலர் தாண்டி சர்வ சாதாரணமா போகும். அதுக்கு மேல கான்கிரீட் தளம், 240 வோல்ட் லைன், எலக்ட்ரீஷியன் கூலின்னு தனிச் செலவு. ஒரு தடவை பின்கட்டுல இறக்கி வெச்சுட்டா தூக்கிட்டுப் போய் மாத்தறது லேசான வேலை இல்ல. இவ்வளவு பெரிய சாமானை பிரோஷர்ல இருக்கற ஜெட் எண்ணிக்கையை மட்டும் பாத்து வாங்கறது எனக்குப் பைத்தியக்காரத்தனமாத்தான் படுது. 30 ஜெட், 50 ஜெட்னு போட்டிருப்பான், ஆனா பம்ப் தள்ளற தண்ணி ஒரே அளவுதான், அதை 50 ஓட்டைக்குப் பிரிச்சா ஒவ்வொண்ணுலயும் வேகம் குறையும். இது படிச்சா புரியாது, முதுகுல பட்டாதான் தெரியும்.

அப்புறம் லவுஞ்சர் சீட், அதாவது படுத்த மாதிரி சாய்ஞ்சுக்கற சீட். கடையில காஞ்ச டப்புல ஏறிப் படுத்தா சொர்க்கமா இருக்கும், தண்ணி ரொப்பினதும் உடம்பு மிதக்க ஆரம்பிச்சுடும், கொஞ்சம் குள்ளமானவங்க, ஒல்லியானவங்க காலை எதுலயாவது முட்டுக் குடுத்துக்கிட்டேதான் இருக்கணும், இல்லன்னா மேல வந்துடுவாங்க. இன்னொண்ணு டைவெர்டர் வால்வு, ஒரு பக்க சீட்ல இருந்து இன்னொரு பக்கத்துக்குத் தண்ணியைத் திருப்பி விடறது. நீங்க மட்டும் தனியா உக்காந்தா அடி பலமா இருக்கும், எதிர் சீட்ல வீட்டுக்காரரோ வீட்டுக்காரம்மாவோ வந்து உக்காந்து அந்தப் பக்கமும் திறந்து விட்டா ரெண்டு பேருக்கும் பாதிதான். அதனால டெஸ்டுக்குத் தனியா போகாதீங்க. எல்லா பம்பையும் ஃபுல்ல வெச்சுட்டு சாதாரணக் குரல்ல பேசிப் பாருங்க, கேக்கலைன்னா பக்கத்து வீட்டுக்காரருக்கும் தூக்கம் போகும்.

சரி, இவ்வளவு பிரயோஜனம் இருக்கற டெஸ்டுக்கு கடைக்காரர் ஏன் காசு கேக்கணும்?

(திரையில்: கணக்கு)

சுடுதண்ணிச் செலவுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. போட்டுப் பாப்போம். சுமாரா 400 கேலன் டப், நம்ம கணக்குல 1,500 லிட்டர். 15 டிகிரி தண்ணியை 40 டிகிரிக்குக் கொண்டு வரணும்னா கிட்டத்தட்ட 44 யூனிட் கரண்ட். யூனிட் 16 சென்ட்னு வெச்சா 7 டாலர். அதுவும் புதுசா ரொப்பினாதான், மத்த நாள்ல மூடி போட்டு சூட்டைப் பிடிச்சு வெச்சிருப்பாங்க, அதுக்கு இன்னும் கம்மி. ஆக கரண்டுக்காக டெபாசிட்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

உண்மையான செலவு ஆளும் தண்ணிப் பராமரிப்பும்தான். ஒருத்தர் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு வரேன்னு சொல்லிட்டு வரலைன்னா, அந்த ரூமை வேற யாருக்கும் குடுத்திருக்க முடியாது, அதுக்குன்னு நின்ன சேல்ஸ்மேன் நேரமும் போச்சு. சனி ஞாயிறுதான் அவங்களுக்கு வியாபாரமே. இந்த விஷயத்துல நான் கடைக்காரர் பக்கம்.

தண்ணி விஷயம் இதைவிடப் பெருசு, கொஞ்சம் பொறுமையா கேளுங்க. லெஜியோனெல்லான்னு ஒரு பாக்டீரியா, அதுக்கு 25ல இருந்து 45 டிகிரி வரைக்கும் இருக்கற தண்ணி ரொம்ப இஷ்டம், ஹாட் டப் சரியா அதுக்குள்ள வருது. ஜெட் வேகத்துல தண்ணி பொடிப்பொடியா தெறிச்சுக் காத்துல கலக்கும், அதை மூச்சுல இழுத்தா நிமோனியா மாதிரி வரும். இது ஏதோ பயமுறுத்தலுக்குச் சொல்றதில்ல. 1999ல நெதர்லாந்துல போவன்கார்ஸ்பெல் ஊர் மலர்க் கண்காட்சி, 2012ல இங்கிலாந்துல ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்ல ஒரு கடை, 2019 செப்டம்பர்ல அமெரிக்காவுல நார்த் கரோலைனா மவுண்டன் ஸ்டேட் ஃபேர், இந்த மூணு இடத்துலயும் நோய் பரவினதுக்கு விசாரணை கை காட்டினது ஷோவுக்கு வெச்ச ஹாட் டப்பைத்தான். நார்த் கரோலைனாவுல மட்டும் 130 பேருக்கு மேல பாதிப்பு, 4 பேர் இறந்துட்டாங்க. ஸ்டோக்ல 2 பேர் இறந்தாங்க, அந்தக் கடைக்கு 2017ல 10 லட்சம் பவுண்டு அபராதம். இதுல கவனிக்க வேண்டியது, அவங்கள்லாம் டப்புக்குள்ள இறங்கினவங்க இல்ல, பக்கத்துல நடந்து போனவங்க.

அப்போ வெட் டெஸ்ட் டப்புல ஒருத்தர் இறங்கி ஏறினா குளோரின் குறையும், சூடான தண்ணில அது வேற சீக்கிரம் தீந்து போகும், அடுத்தவர் வர்றதுக்குள்ள அளந்து பாத்து மறுபடி போடணும். அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு மையமான சிடிசி சொல்ற அளவு, ஹாட் டப்ல குளோரின் குறைஞ்சது 3 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 3 பங்கு, குளோரினுக்குப் பதிலா புரோமின் போட்டா 4. இதை ஒழுங்கா பண்ற கடைக்குச் செலவு இருக்கத்தான் செய்யும். இதுல குழந்தையை வேற டைப்பரோட இறக்கி விடற ஆளுங்க இருக்காங்க, 5 வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்க ஹாட் டப்ல இறங்கவே கூடாதுன்னு சிடிசி சொல்லியும். ஏதாவது ஆயிடுச்சுன்னா மொத்தத் தண்ணியையும் இறக்கி, கழுவி, மறுபடி ரொப்பி, 5.5 கிலோவாட் ஹீட்டர்ல சூடு ஏத்த 8 மணி நேரம், அன்னிக்கு வேற யாரும் அதுல டெஸ்ட் பண்ண முடியாது.

இதெல்லாம் ஒத்துக்கறேன். அதுக்கும் வாங்கினாதான் ரீஃபண்டுங்கறதுக்கும் என்ன சம்பந்தம்?

சேலைக்கடையில 50 சேலையை எடுத்துப் போட்டுட்டு ஒண்ணும் எடுக்காம எந்திரிச்சு வந்தா கடைப் பையன் மனசுக்குள்ள திட்டுவான், ஆனா விரிச்சுக் காட்டினதுக்குக் காசு கேக்க மாட்டான், ஏன்னா பிடிக்காம எந்திரிக்கற உரிமை இருந்தாதான் அது பாக்கறது. வாங்கினாதான் திரும்பி வரும்னு 200 டாலரை முன்னாடியே குடுத்துட்டு டப்புல உக்காந்தீங்கன்னா, லவுஞ்சர்ல மிதக்குதே, பம்ப் கத்துதேன்னு தெரிஞ்சாலும் மனசு "பரவாயில்ல, சமாளிச்சுக்கலாம்"னு பேச ஆரம்பிக்கும். 200 டாலர் போயிடக் கூடாதுன்னு 12,000 டாலரைக் குடுக்க வைக்கற வேலை அது. டெஸ்டோட நோக்கமே அங்க செத்துப் போச்சு.

கடைக்காரங்க இன்னொரு நியாயம் சொல்வாங்க, இங்க உக்காந்து பாத்துட்டு ஆன்லைன்ல வாங்கிடறாங்கன்னு. சில பேர் பண்றாங்க, ஆனா டெபாசிட் அதைத் தடுக்காது. ஆன்லைன்ல 1,500 டாலர் கம்மின்னா டெபாசிட்டை விட்டுட்டுப் போயிடுவாங்க. தடுக்கணும்னா டெலிவரி, சர்வீஸ், வாரன்டி வேலையை தானே வந்து பாக்கறது, இதுலதான் உள்ளூர் டீலர் ஜெயிக்கணும். அதுவும் போக, டவல் எடுத்துட்டு வண்டி ஓட்டிட்டு வந்து அந்நிய ஊரு தண்ணில இறங்கத் துணிஞ்ச ஆளு பாதி வாங்கற முடிவுலதான் வந்திருப்பாரு, அவரை வாசல்லயே காசு கேட்டுத் திருப்பி அனுப்பறது டீலருக்கே நஷ்டம்.

எனக்குச் சரின்னு படற முறை இதுதான். ஹோட்டல்ல செக்-இன் பண்ணும்போது கார்டுல நிறுத்தி வெக்கற மாதிரி 40, 50 டாலர் ஹோல்ட். வந்துட்டாலே, வாங்கினாலும் வாங்காட்டியும், ஹோல்டை விட்டுடணும். முந்தின நாளே கேன்சல் பண்ணிட்டாலும் விட்டுடணும். சொல்லாம கொள்ளாம வராம போனா மட்டும் எடுத்துக்கலாம். தண்ணியை அசிங்கம் பண்ணினா எவ்வளவுன்னு தனியா எழுதிக் காட்டணும், அதை இதோட சேத்துக் குழப்பக் கூடாது. பதிலுக்கு நீங்க இறங்கறதுக்கு முன்னாடி கடைக்காரர் உங்க கண்ணு முன்னாடி டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டு குளோரினையும் பிஎச்சையும், அதாவது தண்ணியோட அமில-காரத் தன்மையையும், காட்டணும், பிஎச் 7ல இருந்து 7.8க்குள்ள இருக்கணும். அதுக்கு முகம் சுளிச்சா டவலை மடிச்சுக்கிட்டு கிளம்புங்க.

(திரையில்: கண்காட்சி அரங்கம்)

கடையில இல்லாம கன்வென்ஷன் சென்டர், ஃபேர்கிரவுண்ட் மாதிரி தற்காலிக இடத்துல "இன்னிக்கு மட்டும் ஆஃபர், அட்வான்ஸ் போடுங்க"ன்னு நெருக்கினா, அமெரிக்காவுல வர்த்தக ஆணையம் எஃப்டிசியோட கூலிங்-ஆஃப் ரூல் உங்களுக்குத் துணை, 130 டாலரோ அதுக்கு மேலயோ இருந்தா 3 வேலை நாளுக்குள்ள ரத்து பண்ணிக்கலாம். வழக்கமான ஷோரூம்ல போட்ட ஆர்டருக்கு அது செல்லாது, அங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே ரீஃபண்ட் நிபந்தனையைப் படிச்சுக்கணும்.

ஹோல்டுக்கு கிரெடிட் கார்டு குடுங்க, டெபிட் கார்டு வேணாம், டெபிட்ல உங்க அக்கவுண்ட்ல இருக்கற நிஜக் காசே முடங்கிடும். ஹோல்டை எப்போ விடுவாங்கன்னு ஈமெயில்ல வாங்கி வெச்சுக்கங்க, சில பேங்க்ல பென்டிங்னு சில நாள் காட்டிட்டுத்தான் மறையும். ஒரு வாரம் கழிச்சும் அப்படியே இருந்தா அந்த ஈமெயிலைக் கையில வெச்சுக்கிட்டு முதல்ல கடைக்கு போன் போடுங்க, அப்புறம் பேங்குக்கு.